மலை ஏறும்போது எரியும் சிவப்பு ஆயில் விளக்கு: சுவிட்ச் மாற்றியும் நிற்கவில்லை (1.3 டீசல்)

பெரியாறு டீச்சர்

வணக்கம். வண்டிப்பெரியாற்றிலிருந்து எழுதுகிறேன். வண்டி 1.3 லிட்டர் டர்போ டீசல், 2014 மாடல், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சனி, ஞாயிறு உத்தமபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய் வருவேன்.

போன வாரம் திரும்பும்போது லோயர் கேம்ப் தாண்டி, இரைச்சல் பாலத்துக்கு மேலே இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் விளக்கு இல்லை, வித்தியாசமான சத்தமும் இல்லை. மெதுவாகக் குமுளி வரை வந்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தார். அளவு மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒழுக்கு எங்கும் இல்லை. ஆயில் மாற்றி நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது, கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30. "ஆயில் பிரஷர் சுவிட்ச் போயிருக்கும்" என்று சொல்லிப் புதுசு மாட்டினார். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். விளக்கு எரியவில்லை.

நிம்மதியாகக் கிளம்பினேன். கே.கே. ரோட்டில் (கோட்டயம்–குமுளி ரோடு) கொஞ்சம் வேகம் எடுத்ததும் மறுபடி எரிந்தது. அணைத்துவிட்டு, ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கே பார்த்தவர், "பேரிங் போச்சு, இன்ஜினை இறக்க வேண்டும்" என்கிறார். செலவைக் கேட்டால் வண்டியை விற்றுவிடலாம் போலிருக்கிறது. இறக்கத்தான் வேண்டுமா? அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

கம்பம் பையன்

அக்கா, இன்ஜினை இறக்கவெல்லாம் வேண்டாம். என் மாமா வண்டியிலும் இதே பிரச்சினைதான். 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினோம், விளக்கு நின்றுவிட்டது. கெட்டி ஆயில் போட்டால் பிரஷர் தானாக ஏறும்.

மலையில் மறுபடி எரிந்தால் ரெக்கவரிக்குக் காசு கொடுக்காதீர்கள். வண்டியைத் திருப்பி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் லோயர் கேம்ப் வரை உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். இன்ஜின் ஓடவில்லை என்றால் அதற்குச் சேதமும் இல்லையே.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்ன இரண்டாவது விஷயத்தை யாரும் செய்யக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. மிச்சம் இருக்கும் வாக்குவத்தில் இரண்டு மூன்று முறைதான் பிரேக் இளகும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கியரும் இல்லாததால் இன்ஜின் பிடிப்பு கிடையாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். குமுளி மலையில் அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவு, எதிரே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பும் பஸ்ஸும். இன்ஜினைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிடுவோம். விளக்கு எரிந்தால் ஓரம் கட்டு, அணை, சக்கரத்துக்குக் கல் வை, ரெக்கவரி கூப்பிடு. வேறு வழி இல்லை.

டீச்சரம்மா, நீங்கள் உடனே அணைத்ததால்தான் இப்போது நிதானமாகப் பேச முடிகிறது. கிராங்க், அதாவது இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு, பேரிங் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது, அதன் மேல்தான் மிதக்கிறது. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். டர்போ தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதுவும் ஆயிலில்தான் மிதக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் சுவிட்ச் 0.3 முதல் 0.5 பார் அளவில்தான் வேலை செய்யும். அதாவது அந்த விளக்கு முன்கூட்டி எச்சரிப்பதில்லை. எரியும்போது பிரஷர் ஏறக்குறைய போய்விட்டது என்று பொருள். "வீடு பக்கத்தில்தானே" என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைப் பிடிக்க வைத்தவர்களின் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நோய்க்கு வருவோம். விளக்கு *எப்போது* எரிகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. பேரிங் தேய்ந்த இன்ஜினில், சூடான பிறகு, வண்டி நின்று ஸ்லோவில் ஓடும்போது விளக்கு மினுக்கும். ரேஸ் கொடுத்தால் அணைந்துவிடும். பம்ப் வேகமாகச் சுற்றி அதிக ஆயில் தள்ளும், தேய்ந்த இடைவெளியையும் மீறிப் பிரஷர் நிற்கும். உங்கள் வண்டியில் நேர் எதிராக இருக்கிறது. ஸ்லோவில் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, ரேஸில் எரிகிறது. நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. இது பம்ப் தள்ளும் பக்கத்துக் கோளாறு மாதிரி தெரியவில்லை, உறிஞ்சும் பக்கத்துக் கோளாறு மாதிரி தெரிகிறது.

அப்படி இருந்தால் கெட்டி ஆயில் போடுவது நோயைக் கூட்டும். அடைப்பின் வழியாக மெல்லிய ஆயிலையே உறிஞ்ச முடியாத பம்ப், கெட்டி ஆயிலை எப்படி உறிஞ்சும்? தம்பியின் மாமா வண்டியில் விளக்கு நின்றது உண்மையாக இருக்கும். அது பேரிங் தேய்மானமாக இருந்திருக்கும், கெட்டி ஆயில் அதை மறைத்திருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, யாராவது கேஜ் போட்டுப் பிரஷரை அளந்தார்களா? விளக்கைப் பார்த்து இன்ஜின் இறக்கச் சொல்வது, ரத்தம் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது. இரண்டு, சமீபத்தில் ஆயில் சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) யாராவது கழற்றினார்களா?

பெரியாறு டீச்சர்

அண்ணே, கேஜ் யாரும் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

சம்ப் கழற்றியது உண்டு. மழைக்கு முன்னால் ஒரு எஸ்டேட் பாதையில் கல் தட்டி அடியில் நெளிந்து ஆயில் கசிந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் கழற்றி, தட்டி நேராக்கி, பேஸ்ட் வைத்து மாட்டினார்கள். பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு கசிவு இல்லாததால் அதை நான் இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

கொழிஞ்சாம்பாறை டீசல்

டீச்சர், நான் பாலக்காட்டுப் பக்கம். சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். கேஜ் வருவதற்குள் வீட்டிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்று. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக அடித்தாலும், ஊற்றிய அளவைவிட மட்டம் ஏறியிருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகி டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பிரஷர் விழும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கறுப்பு, சுற்றி ஒரே சீராகச் சாம்பல் நிறம் பரவினால் பரவாயில்லை. கறுப்பு நடுவிலேயே திட்டாக நின்று, சுற்றி எண்ணெய் வளையம் மட்டும் பரவினால் ஆயில் கசடைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கரியை எரிக்கும்போது கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்புக்கு இறங்கும். குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்று, மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், கூடுகிறதா என்றும் பாருங்கள்.

விளக்கு சிவப்பா மஞ்சளா என்று குழம்பாமல் இருக்கவும் ஒரு வார்த்தை. சிவப்பாக எண்ணெய்க் கிண்ணப் படம் எரிந்தால் அது பிரஷர். மஞ்சளாக, அடியில் அலைக்கோடு போட்டிருந்தால் பல வண்டிகளில் அது ஆயில் மட்டம்.

பெரியாறு டீச்சர்

டீசல் வாடை இல்லை. மட்டம் ஏறவும் இல்லை. காகிதத்தில் சீராகத்தான் பரவியது.

லேத் பட்டறை, தேனி

மேஸ்திரி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஸ்டிரெய்னர், அதாவது உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலைதான் அடைத்திருக்கிறது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ரிலீஃப் வால்வும் இப்படி விளையாட்டுக் காட்டும். பம்ப் தள்ளும் பிரஷர் எல்லை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. ஒரு சின்னத் துகள் சிக்கி, அது பாதித் திறந்த நிலையில் நின்றுவிட்டால் பிரஷர் கட்டவே கட்டாது.

ஆனால் அதற்கென்று ஒரு அடையாளம் உண்டு. வால்வு திறந்தே சிக்கியிருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் பிரஷர் குறைவாகவே இருக்கும். பம்ப் தேய்ந்திருந்தாலும் அப்படியே. குளிர்ந்தபோது நன்றாக இருந்து, சூடானபின் ஸ்லோவில் விழுந்தால் பேரிங். குளிரிலும் சூட்டிலும் ஸ்லோவில் நன்றாக இருந்து, ரேஸில் *கொஞ்ச நேரம் நின்று* விழுந்தால் உறிஞ்சும் குழாய். ஆகவே கேஜ் போடும்போது நிமிஷத்துக்கு 3000 சுற்றைத் தொட்டுவிட்டு விடாதீர்கள். பிடித்து வைத்துப் பாருங்கள்.

பழைய ஆயிலை வடிக்கும்போது சுத்தமான தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிற மினுமினுப்பு தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடித்தகடு தெரிகிறது. ஃபில்டர் காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்தும் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாத மினுமினுப்பு என்றால்தான் பேரிங் பற்றிப் பயம்.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

லேத் தம்பி சரியாகச் சொன்னார். அளந்துவிடலாம். என்னிடம் கேஜ் இருக்கிறது, பத்து பார் வரை காட்டும். குமுளி டாக்ஸி தம்பி தினமும் கூடலூர் வருவார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

டாக்ஸி தம்பி, சுவிட்சைக் கழற்றியதும் அதன் மரையைக் கேஜ் நிப்பிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பான், கொரியா வழி வண்டிகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலக் கூம்பு மரை. ஐரோப்பிய வழி இன்ஜின்களில் எம்10, எம்12, எம்14 என்று மாறும். கையால் நாலு சுற்று இலகுவாக ஏறாத நிப்பிளை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள், பிளாக் அலுமினியம் என்றால் மரை போய்விடும். திரும்பச் சுவிட்ச் மாட்டும்போது டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சுவிட்சுக்கு மரைதான் எர்த்.

குமுளி டாக்ஸி

அளந்தாயிற்று. டீச்சர் வீட்டு போர்ட்டிகோவில் வைத்துத்தான் பார்த்தோம், வெளியே விடாத மழை. கேஜ் ஹோஸை ஃபேன் பெல்ட்டுக்குப் போகாமல் வைப்பர் கையில் கட்டிவிட்டேன். டீச்சர் உள்ளே உட்கார்ந்து ரேஸ் பிடித்தார், நான் முள்ளைப் பார்த்தேன்.

குளிர்ந்த ஸ்டார்ட், ஸ்லோ: 3.6 பார். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும் வரை சூடாக்கினோம். சூட்டில் ஸ்லோ: 1.4. 2000-இல் 2.8. 3000-க்கு ஏற்றியதும் 3.7. இதுவரை பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. லேத் அண்ணன் சொன்னபடி 3000-இலேயே பிடிக்கச் சொன்னேன். அரை நிமிஷம் போல முள் அசையாமல் நின்றது. அப்புறம் நடுங்கத் தொடங்கியது. 3, அப்படியே 2, ஒரு பாருக்கும் கீழே. அணைக்கச் சொல்லிக் கத்தினேன். அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முள் திரும்ப 1.4-இல் வந்து நிற்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. மறுபடி 3000 பிடிக்கவில்லை. ஒரு முறை கண்ணால் பார்த்ததே போதும்.

லேத் பட்டறை, தேனி

அப்படியென்றால் என் சந்தேகம் தீர்ந்தது. சூட்டில் ஸ்லோவில் 1.4 பார் நிற்கும் இன்ஜினில் பேரிங் போகவில்லை. ரிலீஃப் வால்வும் இல்லை, 3.7 வரை கட்டியிருக்கிறது. மேஸ்திரி அண்ணே, நீங்கள் சொன்னதுதான்.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து ஸ்டிராவின் வாயில் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான் இங்கேயும். மெதுவாக உறிஞ்சினால் வழுக்கை ஓரமாக மிதக்கும், தண்ணீர் வரும். பலமாக உறிஞ்சினால் வந்து அடைத்துக்கொள்ளும். உறிஞ்சுவதை நிறுத்தினால் விழுந்துவிடும். சம்புக்குள் அப்படி ஏதோ மிதக்கிறது. சம்ப் கழற்றி மாட்டிய கதையையும் சேர்த்துப் பார்த்தால், கேஸ்கெட் பேஸ்ட் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இன்ஜினை இறக்க வேண்டாம், டீச்சரம்மா. சம்பை மட்டும் இறக்கினால் போதும். பிட் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி) உள்ள எந்த ஒர்க்ஷாப்பிலும் அரை நாள் வேலை. அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ரெக்கவரியிலேயே ஏற்றிப் போங்கள்.

கம்பம் பையன்

அண்ணே, நிஜமாகவே கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறேன். கடையில் இன்ஜின் ஃபிளஷ் டப்பா விற்கிறார்களே, அதை ஊற்றி ஓடவிட்டால் கரைந்து வெளியே வந்துவிடாதா? சம்ப் கழற்றும் கூலி மிச்சமே. சில பேர் டீசலையோ மண்ணெண்ணெயையோ கூட ஊற்றி ஓடவிடுகிறார்கள்.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

நல்ல கேள்வி தம்பி. காய்ந்த சிலிக்கான் பேஸ்ட் ஃபிளஷில் கரையாது, ரப்பர் மாதிரி அப்படியே இருக்கும். ஒருவேளை அது கரிக் கசடாகவே இருந்தாலும், ஃபிளஷ் ஊற்றினால் மொத்தமும் ஒரே நேரத்தில் பெயர்ந்து ஸ்டிரெய்னரில்தான் வந்து குவியும். விளக்கு எரியும் இன்ஜினில் ஃபிளஷ் போடுவது பாதி அடைப்பை முழு அடைப்பாக்கும் வேலை. டீசல், மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிடுவது இன்னும் மோசம். அந்தப் பத்து நிமிஷமும் பேரிங்குக்குப் படலமே இருக்காது. கழற்றித் தட்டில் வைத்து, பிரஷ் போட்டுக் கழுவ மண்ணெண்ணெய் அருமையான சாமான். ஓடும் இன்ஜினுக்குள் அல்ல.

பெரியாறு டீச்சர்

இன்றைக்குக் காலையில் சம்பை இறக்கினார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஆசான் இருக்கிறார், மலையாளி, வயதானவர். உங்கள் பதிவுகளை நான் படித்துக் காட்டக் காட்டத் தலையாட்டிக்கொண்டே வேலை செய்தார். நான் பிட்டுக்குள் இறங்கி டார்ச் பிடித்தேன்.

சம்ப் விளிம்பின் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பேஸ்ட் பிதுங்கி, உருண்டு, வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் ஒட்டாமல் பாதி பிய்ந்து ஆடியது. ஸ்டிரெய்னர் வலையைத் திருப்பிப் பார்த்தால், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வலையின் குறுக்கே மடிந்து கிடந்தது. கூடவே நகத்தளவு துண்டுகள், வலைக் கண்களுக்குள் பொடிப்பொடியாகக் கரி. ஆசான் அந்தப் பட்டையை இடுக்கியால் எடுத்து என் கையில் வைத்தார். இழுத்தால் நீள்கிறது, பிய்யவே இல்லை. ஸ்டிரெய்னர் குழாயின் ஓ-ரிங்கும் தட்டையாகி இறுகியிருந்தது, விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை.

வடித்த ஆயிலில் செம்பு மினுமினுப்பு இல்லை. ஃபில்டர் காகிதத்தை விரித்தோம், கறுப்புத்தான், உலோகம் இல்லை. கனெக்டிங் ராடுகளை ஆசான் ஒவ்வொன்றாகக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை என்றார். பேரிங் மூடியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

லேத் பட்டறை, தேனி

வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. கேஜில் சூட்டில் 1.4 நின்றது, ஆயிலில் மினுமினுப்பு இல்லை, கையில் ஆட்டம் இல்லை. மூன்றும் ஒரே பதிலைச் சொல்கின்றன. பல இன்ஜின்களில் ராடு போல்ட்டை ஒரு முறை கழற்றினால் புதுசு போட வேண்டும். நன்றாக உட்கார்ந்திருக்கும் பேரிங்கைக் கிளறுவதில் லாபம் இல்லை.

ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள். அது இறுகினால் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று கலந்த ஆயிலில் பிரஷர் நடுங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

மாட்டும் வேலையில்தான் எல்லாம் இருக்கிறது, டீச்சரம்மா. ஆசானிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழைய பேஸ்டைச் சம்பிலிருந்தும் பிளாக்கிலிருந்தும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புத் தகடு போட்டுச் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோட்டில் பிறகு கசியும். சுரண்டும்போது துணுக்கு மேலே போகாமல் கவனம். ஸ்டிரெய்னரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காற்றை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் கரி குழாய்க்குள் போய்விடும். இரண்டு விளிம்பையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். நெளிந்து தட்டிய சம்ப் என்பதால் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்து விளிம்பு சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு முனை தூக்கினால் புதுச் சம்பே போடுங்கள். போன முறை அவ்வளவு பேஸ்ட் அப்பியதே விளிம்பு கோணலாக இருந்ததால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பேஸ்ட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனில் ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக. அவ்வளவுதான். பலமாக இருக்கட்டும் என்று கூட வைக்கிற பேஸ்ட் எல்லாம் உள்ளேதான் பிதுங்கும். போல்ட்டுகளை முதலில் கையளவு, அப்புறம் நடுவிலிருந்து குறுக்கு மறுக்காக, கையேட்டில் உள்ள டார்க்குக்கு (முறுக்கும் அளவு). சம்ப் போல்ட் சின்னது, பலம் காட்டினால் மரை வந்துவிடும். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். அன்றைக்கே ஆயில் ஊற்ற அவசரப்பட வேண்டாம், ஒரு ராத்திரி காயட்டும். வண்டிப்பெரியாறு குளிருக்கு அந்த நேரம் தேவை.

ஸ்டார்ட் செய்யும்போது ஸ்லோவிலேயே விளக்கு அணைகிறதா பாருங்கள். சில நொடி எடுக்கும், பம்ப் காலியாக இருக்கும். அதற்கு மேல் நீண்டால் அணைத்துவிட வேண்டும். ரேஸ் கொடுத்து விளக்கை அணைக்கப் பார்க்கக் கூடாது.

பெரியாறு டீச்சர்

முடிந்தது. சம்ப் கண்ணாடியில் ஒரு மூலை தூக்கியது, அண்ணே. நீங்கள் சந்தேகப்பட்டது சரி. கோட்டயத்திலிருந்து புதுச் சம்ப் வரவழைத்தோம். ஓ-ரிங், வாஷர், ஃபில்டர், கையேட்டில் சொன்ன அதே 5டபிள்யூ-30, மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. இன்ஜின் இறக்கச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

குமுளி டாக்ஸி

கேஜைத் திரும்ப எடுக்கும் முன் மறுபடி அளந்தேன். சூட்டில் ஸ்லோ 1.5. 3000-இல் 3.8, மூன்று நிமிஷம் பிடித்தோம், முள் ஆணி அடித்தது போல நின்றது. அப்புறம் கேஜைக் கழற்றிச் சுவிட்சை மாட்டி, டீச்சரைக் கூட்டிக்கொண்டு லோயர் கேம்ப் இறங்கி, திரும்ப ஏற்றிப் பார்த்தேன். முன்னால் போன லாரிக்குப் பின்னாடி முதல், இரண்டாம் கியரிலேயே மேலே வரை. விளக்கு எரியவில்லை.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

சந்தோஷம். இந்த ஆயிலை முழுக் காலம் ஓட்ட வேண்டாம், டீச்சரம்மா. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். மேலே எங்காவது தங்கிய துணுக்கு இருந்தால் அதில் வந்துவிடும். கழற்றிய ஃபில்டரை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

லேத் பட்டறை, தேனி

இந்த இழையைப் பிறகு படிப்பவர்கள் எல்லா வண்டிக்கும் ஸ்டிரெய்னர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் எதிர்ப்பக்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சபரிமலை சீசன் முடிந்ததும் ஒரு பெட்ரோல் டாக்ஸி பட்டறைக்கு வந்தது. வண்டிப்பெரியாறு வரிசையில் நின்று நின்று போன வண்டி. சூட்டில் ஸ்லோவில் 0.4 பார், விளக்கு மினுக்கும். 3000-இல் 1.7, அங்கேயே நிற்கும், விழாது. குளிரில் 3-க்கு மேல். கெட்டி ஆயிலில் சீசன் முழுக்க ஓட்டியிருந்தார். திறந்தால் மெயின் பேரிங்கில் செம்பு தெரிந்தது, கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து கிராங்கை 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸுக்கு (விட்டம் குறைத்து) கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட்டோம். மினுக்க ஆரம்பித்தபோதே அளந்திருந்தால் கிராங்கைத் தொடாமல் பேரிங்கோடு முடிந்திருக்கலாம்.

அந்த வண்டிக்கும் டீச்சர் வண்டிக்கும் எரிந்தது ஒரே விளக்குதான். கேஜ் முள் அசைந்த விதம்தான் வேறு.

கம்பம் பையன்

மேஸ்திரி அண்ணே, மாமா வண்டியை நினைத்தால் இப்போது கவலையாக இருக்கிறது. 20டபிள்யூ-50 இன்னும் அதில்தான் இருக்கிறது. கேஜ் கிடைக்குமா? வண்டி பெட்ரோல், 2011 மாடல்.

ஜீப் மேஸ்திரி (கூடலூர், தேனி)

கிடைக்கும் தம்பி. குமுளி டாக்ஸி தம்பி நாளைக்குக் கொண்டுவந்து தந்துவிடுவார். ஞாயிறு காலையில் மாமாவையும் வண்டியையும் கூட்டி வா, வந்து சில மணி நேரம் நன்றாக ஆறவிட்டு, குளிரில் ஒன்று சூட்டில் ஒன்று என்று அளக்கலாம். வரும் வழியில் விளக்கு மினுக்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் போன் செய், நான் வருகிறேன். வரும்போது கம்பத்தில் செம்பு வாஷர் இரண்டு வாங்கி வா. கேஜ் நிப்பிளோடு இருந்தது தேய்ந்துவிட்டது.